பீரோவில் இருந்த ரிப்போர்ட்: ஏழாண்டு காத்திருந்த ஒரு தம்பதி – நிகழ்வு ஆய்வு

(ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

பின்னணி

கணவருக்கு 35 வயது, மனைவிக்கு 30. பல்லடத்துக்கும் திருப்பூருக்கும் நடுவே ஒரு கிராமம். கணவர் சாயப்பட்டறையில் பாய்லர் பிரிவில் வேலை செய்கிறார். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தவர். ஸ்கேனுக்கும் ஊசிக்கும் அடிக்கடி லீவு போட வேண்டியிருந்ததால் எங்களிடம் மனநல ஆலோசனைக்கு வருவதற்கு இரண்டாண்டு முன்பே வேலையை விட்டுவிட்டார். கணவரின் அப்பா அம்மாவோடு ஒரே வீடு. பின்னால் கொஞ்சம் தென்னை, இரண்டு மாடு.

கல்யாணமாகி ஒன்றரை ஆண்டில் முதல் மருத்துவரைப் பார்த்தார்கள். தடுப்பு எதுவும் இல்லாமல் 12 மாதம் சேர்ந்திருந்தும் கரு நிற்கவில்லை என்றால் பரிசோதனை தொடங்க வேண்டும், பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே தொடங்க வேண்டும் என்பது வழக்கமான வரையறை. அந்த வகையில் இவர்கள் தாமதிக்கவில்லை. மனைவிக்கு ஸ்கேனில் நீர்க்கட்டி தெரிந்தது, மாதவிலக்கும் 40, 45 நாள் தள்ளிப்போனது. முட்டை வளரவைக்கும் லெட்ரோசோல் மாத்திரை தொடங்கினார்கள். வீட்டில் அன்றைக்கே தீர்ப்பு எழுதியாகிவிட்டது: குறை மருமகளுக்கு.

ரிப்போர்ட்

மூன்றாம் ஆண்டில் மருத்துவர் கணவருக்கும் விந்துப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். கணவர் தனியாகக் கோவைக்குப் போய் ஒரு லேபில் கொடுத்தார். ஒரு மில்லிலிட்டருக்கு 50 லட்சம் அணுக்கள்; முன்னோக்கி நீந்துபவை 11 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லை 1 கோடியே 60 லட்சம், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம். ரிப்போர்ட்டில் எண்ணுக்கு நேராகவே சிவப்புக் குறி இருந்தது. வீட்டுக்கு வந்தவர் மனைவியிடம் சொன்னது: "நார்மல்."

அந்தக் காகிதம் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் 14 மாதம் இருந்தது. இடையில் மனைவி ஐந்து சுற்று லெட்ரோசோல் சாப்பிட்டார்; ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று, நான்கு ஸ்கேன். மருத்துவர் கேட்டபோது "நார்மல்னு சொல்லிட்டாங்க" என்று மனைவியே சொன்னார். காகிதத்தைக் கொண்டுவரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கணவர் பொய் சொன்னது ஒரு தவறு. வாய்வார்த்தையை நம்பிச் சிகிச்சை நடந்தது இரண்டாவது தவறு. இரண்டாவது, மருத்துவமனை தடுத்திருக்கக்கூடியது.

ஐந்தாம் ஆண்டில் மாறிப்போன இரண்டாவது மையத்தில் பரிசோதனையை அங்கேயே திரும்பச் செய்தார்கள். 70 லட்சம். விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும் என்பதால் மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்த்தார்கள், பெரிய மாற்றமில்லை. மனைவிக்கு உண்மை தெரிந்தது அந்த ஆலோசனை அறையில், மருத்துவர் எண்ணைப் படித்தபோதுதான். அங்கே அவர் எதுவும் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது கணவர், "வீட்டுல மட்டும் சொல்லிராத" என்றார். மனைவி ஒப்புக்கொண்டார். அதாவது அதுவரை தெரியாமல் சுமந்த பழியை அன்றிலிருந்து தெரிந்தே சுமந்தார். இந்த வழக்கின் மற்ற எல்லாம் இந்த ஒப்பந்தத்திலிருந்து கிளைத்தவை என்பது எங்கள் கணிப்பு.

அணு எண்ணிக்கை குறைவாக இருந்ததால் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஓர் அணுவை ஊசியால் செலுத்தும் இக்ஸி முறை முடிவானது. மனைவியின் நகை 9 பவுன் அடகுக்குப் போனது. 11 முட்டை எடுத்தார்கள், 6 கருவுற்றன, ஐந்தாம் நாள்வரை 4 வளர்ந்தன. ஒன்றைக் கருப்பையில் வைத்து மூன்றை உறையவைத்தார்கள். வைத்தது நிற்கவில்லை. அதற்கு மூன்று வாரம் கழித்து, தூக்கமில்லை என்று சொன்னதால் மையத்திலிருந்து மனைவியை ஆலோசனைக்கு அனுப்பினார்கள். 2021-ஆம் ஆண்டின் உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி, சிகிச்சையின் பலன், ஆபத்து, செலவு பற்றிய ஆலோசனையைத் தம்பதிக்கு மையம் தர வேண்டும். இங்கே அது கையெழுத்து வாங்கிய நாளன்று பத்து நிமிடத்தில் முடிந்திருந்தது.

முதல் மூன்று சந்திப்புகளில் தெரிந்தவை

முதல் நாள் மாமியாரும் கூட வந்திருந்தார். "என்ற பையனுக்கு என்னங்க கொறை? இவளுக்குத்தான் கட்டி. சஷ்டி விரதம் இருன்னா பாதியில உட்டர்றா. அண்ணமார் கதையில தாமரை தவமிருந்துதான பெத்தா" என்றார். குரலில் வன்மம் இல்லை, கவலைதான் இருந்தது. அவருக்குச் சொல்லப்பட்டிருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பிசகும் இல்லை.

மூவரையும் ஒன்றாக வைத்துப் பேசியதில் பயனில்லை என்று தெரிந்ததும் தனித்தனியாக இருபது நிமிடம் ஒதுக்கப்பட்டது. மனைவிக்கு மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவத்தில் 27-க்கு 16 (மதிப்பெண் கூடக் கூடச் சோர்வு அதிகம்). அதில் ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பது. "சில நாட்கள்" என்று குறித்திருந்தார். கணவருக்கு 8, படிவத்தை மட்டும் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்கு வராமல் இன்னொரு ஷிப்ட் கேட்டு வாங்கினார், வாரத்தில் நான்கு நாள் குடித்தார். ஆண்களிடம் "வருத்தமா இருக்கா" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். ஓவர்டைம் எத்தனை, பாட்டில் எத்தனை, தூக்கம் எத்தனை மணி என்று கேட்டால் தெரியும்.

தாம்பத்தியச் சேர்க்கை, மருத்துவர் குறித்த நாட்களுக்கு மட்டும் சுருங்கியிருந்தது. "தேதி சொன்னா பயமா இருக்குதுங்க" என்றார் கணவர். அந்த நாட்களில் இயலாமல் போவதும், அதைப் பற்றிப் பேசாமல் இருவரும் திரும்பிப் படுப்பதும் ஓராண்டாக நடந்துவந்தது.

"ஏதாச்சும் விசேஷமா?" என்று யார் கேட்டாலும் ஒரு கோடு போடும்படி மனைவியிடம் சிறு நோட்டு கொடுத்திருந்தோம். ஒரே வாரத்தில் ஒன்பது கோடு. பால் ஊற்றும் இடத்தில் மூன்று, ரேஷன் கடையில் ஒன்று, மீதி சொந்தக்காரர்கள் போனில் கேட்டது. கணவரிடம் அதே வாரத்தில் கேட்டவர் ஒருவருமில்லை. அந்த நோட்டைக் கணவர் பார்த்தது, நாங்கள் பேசிய எதையும்விட அதிகம் செய்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

*உயிர்ப் பாதுகாப்பு.* வேறெதற்கும் முன் இது. சாக வேண்டும் என்ற எண்ணம் எப்போது வருகிறது, ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாரா என்று நேரடியாகவே கேட்கப்பட்டது. கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடும் என்ற பயம் தேவையற்றது. கேட்ட பிறகுதான் அவர் அழுதார். திட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் வீட்டில் இருந்த தென்னை மருந்தும், வாசல் தெளிக்க வாங்கிவைத்த சாணிப்பவுடரும் அன்று மாலையே வெளியேற வேண்டும் என்று கணவரிடம் சொல்லி, மறுநாள் போனில் உறுதிசெய்தோம். மனநல மருத்துவரிடம் அந்த வாரமே அனுப்பினோம். இரவில் கூப்பிட 14416 (டெலி-மானஸ், அரசின் மனநல உதவி) எண்ணும் அக்காவின் எண்ணும் மனைவியின் போனில் முதல் இரண்டாகப் பதிவாயின.

*மூன்று மாத இடைவெளி.* அடுத்த மாதமே உறைந்த எம்ப்ரியோவை (கருவை) வைத்துவிடலாம் என்பது தம்பதியின் அவசரம். எம்ப்ரியோ உறைந்துவிட்டால் மூன்று மாதத்தில் அதன் வயது கூடாது. மனைவிக்கு 30 வயதுதான். மருத்துவரும் இழப்பில்லை என்றார். முட்டையிருப்பு குறைந்த 38 வயதுப் பெண்ணுக்குப் புதிதாக முட்டை எடுக்க வேண்டிய நிலை என்றால் இந்த இடைவெளியைப் பரிந்துரைத்திருக்க மாட்டோம்.

*யாரிடம், என்ன, யார் சொல்வது.* இதற்கு மட்டும் நான்கு சந்திப்பு ஆனது. எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்வது கணவருக்கு முடியாத காரியம். ஒன்றும் சொல்லாமல் தொடர்வது மனைவியால் முடியாது என்பது அவருடைய மதிப்பெண்ணிலேயே இருந்தது. மருத்துவரே கூப்பிட்டுச் சொல்லட்டும் என்று கணவர் கேட்டார், அதை ஏற்கவில்லை. வெளியாள் சொன்னால், "டாக்டர் தப்பாச் சொல்றார், வேற இடம் பாக்கலாம்" என்று வீடு அடுத்த மருத்துவமனைக்குக் கிளம்பிவிடும். மனைவி சொன்னால் பழிக்குப் பழி என்றாகும். கணவர் வாயால், பெற்றோர் இருவரிடம் மட்டும், எண்ணிக்கை விவரம் இல்லாமல் சொல்வது என்று முடிவானது. சொல்லவேண்டியதை எழுதி, மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்: "அம்மா, கொறை எனக்கும் இருக்குது. பேப்பர்லயே இருக்குது. இனிமே அவளை யாரும் ஒண்ணும் கேக்க வேண்டாம். கேக்கறதுன்னா என்னைக் கேளுங்க." 'எனக்கும்' என்பதில் உள்ள 'உம்' கணவர் கேட்டு வாங்கியது. மனைவிக்கு நீர்க்கட்டி இருந்தது உண்மை என்பதால் அதை விட்டுக்கொடுத்தோம்.

*அன்றாடத்துக்கு.* சிகிச்சைப் பேச்சு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் மட்டும். மணி அடித்ததும் நிறுத்த வேண்டும். மனைவி எப்போதும் இதையே பேசுகிறார், கணவர் எப்போதும் ஓடுகிறார் என்ற சுற்று இதனால் உடைந்தது. இருபது நிமிடம்தான் என்று தெரிந்தால் கணவர் உட்காருகிறார். நாளைக்கும் இருபது நிமிடம் உண்டு என்று தெரிந்தால் மனைவி நிறுத்துகிறார். இந்த மூன்று மாதமும் சேர்க்கைக்குத் தேதி கிடையாது என்றும் சொல்லப்பட்டது. 'விசேஷமா' என்ற கேள்விக்கு ஒரே பதில் பழகினார்: "இருந்தா நாங்களே சொல்றமுங்க." மனைவி பழைய கம்பெனியிலேயே செக்கிங்குக்குத் திரும்பினார், பகல் ஷிப்ட் மட்டும்.

அந்த இடைவெளியில் கணவரின் பங்காளி வீட்டில் ஒரு கட்டுச்சோறு (வளைகாப்பு) வந்தது. போகாவிட்டால் பேச்சு, போனால் வளையல் போடும் வரிசையில் நிற்கவிடுவார்களா என்ற பயம். விருந்து நேரத்துக்குப் போவது, சீர் நடக்கும்போது சமையல் பக்கம் இருப்பது, மனைவி முந்தானையை இடுப்பில் செருகினால் கணவர் "ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று கிளம்புவது என்று ஏற்பாடு. நாற்பது நிமிடத்தில் முந்தானை செருகப்பட்டது. கிளம்பிவிட்டார்கள்.

சொன்ன பிறகு

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் சொன்னார். அப்பா எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். அம்மா நம்பவில்லை. மூன்று வாரம் மருமகளிடம் பேச்சில்லை. அவள்தான் பையனைப் பேச வைத்தாள் என்று நினைத்தார். ஜோதிடரிடம் போய் ஒரு பரிகாரத்துக்குப் பணம் கட்டினார். சொன்னவுடன் வீடு இளகிவிடும் என்று தம்பதி எதிர்பார்த்திருந்தார்கள், நாங்களும் அதைத் திருத்தத் தவறினோம்.

நான்காம் வாரம் நங்கையா (கணவரின் அக்கா) வந்தபோது அம்மா அவரிடம் அழுதிருக்கிறார். அதன்பின் மெல்ல மாறியது. மாமனார் ஒரு வார்த்தையும் சொல்லாமல் 9 பவுனில் 4 பவுனை மீட்டுக் கொண்டுவந்து மருமகளிடம் கொடுத்தார். ஒன்பதாம் வாரம் மனைவியின் மதிப்பெண் 9. மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையும் உதவியிருக்கும்; எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

இரண்டு எம்ப்ரியோ மாற்றங்கள்

தொடங்கும்முன் எல்லை வைக்கப்பட்டது: இரண்டு மாற்றம் (உறைந்த எம்ப்ரியோவைக் கருப்பையில் வைப்பது), அதற்குமேல் கடன் வாங்குவதில்லை, இரண்டும் தவறினால் ஆறு மாதம் நிறுத்திவிட்டுத் தத்து உள்பட எல்லாவற்றையும் பேசுவது. தத்தெடுக்க மத்திய ஆணையத்தின் 'கேரிங்ஸ்' தளத்தில் பதிவுசெய்ய வேண்டும், திருமணமாகி இரண்டாண்டு நிலையான வாழ்க்கை வேண்டும் என்பன போன்ற அடிப்படைத் தகவல்களை அப்போதே கொடுத்தோம். தோல்விக்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் 'உனக்கு இனி ஆகாது' என்று சொன்னதாகவே காதில் விழும்.

முதல் மாற்றத்தில், கருவைத் தாங்கக் கருப்பையைத் தயார்செய்யும் புரொஜெஸ்டிரான் ஊசியைக் கணவரே போடக் கற்றார். நர்ஸ் இரண்டு முறை பக்கத்தில் நின்று காட்டினார்: எண்ணெய் மருந்து கெட்டியானது, குப்பியை உள்ளங்கையில் ஐந்து நிமிடம் வைத்துச் சூடேற்ற வேண்டும், பிட்டத்தின் மேல் வெளிப்புறக் கால்பகுதியில்தான் குத்த வேண்டும், பக்கம் மாற்றி மாற்றி, மெதுவாகச் செலுத்தி, பிறகு வெந்நீர் ஒத்தடம், இல்லாவிட்டால் கட்டி கட்டியாக நின்றுவிடும். ஊசி நேரத்துக்காக அவர் இரவு ஷிப்டை விட்டார். ஓவர்டைமைக் குறைக்கச் சொல்லி நாங்கள் பேசியதைவிட இந்த வேலை அவரை வீட்டில் நிறுத்தியது.

ரத்தப் பரிசோதனைவரை இரண்டு வாரக் காத்திருப்பு. மார்பு வலி, அசதி, வயிற்று உப்பசம் எல்லாம் புரொஜெஸ்டிரானாலேயே வரும். இருந்தாலும் கர்ப்பம் என்று ஆகாது, குறைந்தாலும் தோல்வி என்று ஆகாது. இதை எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினார்கள். வீட்டில் கிட் வாங்கிப் பார்ப்பதில்லை என்றும், முடிவை மையம் கணவர் போனுக்குச் சொல்ல, அவர் நேரில் வந்து சொல்வது என்றும் ஏற்பாடு. முடிவு: இல்லை. மனைவி இரண்டு நாள் படுத்திருந்தார். கணவர் குடித்தார், ஒரு நாள் மட்டும். மூன்றாம் நாள் மாமியார் கசாயம் வைத்துக் கொடுத்து, "எந்திரி கண்ணு" என்றார். மதிப்பெண் 12-வரை ஏறி ஐந்து வாரத்தில் இறங்கியது. ஒன்பதாவது கேள்விக்கு இம்முறை "இல்லை".

நான்கு மாதம் கழித்து இரண்டாவது மாற்றம். நின்றது.

கர்ப்ப காலம்

ஏழாம் வாரம் லேசான ரத்தக்கசிவு. ஸ்கேனில் இதயத் துடிப்பு இருந்தது. அதன்பின் மனைவி மாடிப்படி ஏறுவதை நிறுத்தினார், தும்மவும் பயந்தார். ஐந்தாம் மாதம்வரை யாருக்கும் சொல்லவில்லை, குழந்தைக்கு ஒரு துணி வாங்கவில்லை. நீண்ட சிகிச்சைக்குப் பின் வரும் கர்ப்பத்தில் இது அடிக்கடி காணப்படுவது. சந்தோஷப்பட்டால் பறிபோய்விடும் என்ற கணக்கு.

12-ஆம் வாரத்தில் நாங்கள் வழக்கை முடித்தோம். மதிப்பெண் 6, கரு நின்றுவிட்டது, மாத்திரையை மனநல மருத்துவர் படிப்படியாக நிறுத்தியிருந்தார். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது.

பிறப்புக்குப் பிறகு

38-ஆம் வாரம், சிசேரியன், பெண் குழந்தை, 2.7 கிலோ. வழக்கப்படி தாய்வீடு, கோபிச்செட்டிபாளையம் பக்கம், கணவர் வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். கணவர் ஞாயிறு மட்டும் வந்து போனார். இரண்டு மாற்றங்களிலும் ஒவ்வொரு ஊசிக்கும் பக்கத்தில் இருந்தவர், எல்லாவற்றையும்விடத் தேவைப்பட்ட வாரங்களில் விருந்தாளி ஆனார்.

ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வந்தபோது கிராம சுகாதார செவிலியர் ஒரு கேள்வி கேட்டார்: "குழந்தை தூங்கறப்ப நீங்க தூங்கறீங்களா?" இல்லை என்றார். வெறும் அலுப்பையும் நோயையும் பிரித்துக் காட்ட நல்ல கேள்வி அது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கான எடின்பரோ பத்துக் கேள்விப் படிவம் தமிழில் உண்டு. அதில் 30-க்கு 18. 13 அல்லது அதற்கு மேல் இருந்தால் முழுமையாக ஆராய வேண்டும்.

ராத்திரியில் பத்துப் பதினைந்து முறை குழந்தையின் மூக்கருகே விரல் வைத்து மூச்சைப் பார்த்திருக்கிறார். தூக்கினால் கீழே விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் குளிப்பாட்டுவதை அம்மாவிடம் விட்டிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. "தவமிருந்து பெத்த புள்ளய வெச்சுட்டு அழுவாங்களா" என்று ஒருமுறை கேட்டுவிட்டார்களாம். சொல்லாமல் இருப்பதில் அவருக்கு ஏழாண்டுப் பழக்கம்.

குழந்தை பார்க்க வந்தவர்களின் கேள்வியும் மாறியிருந்தது: "யாரு மாதிரி இருக்குது?" சாதாரணக் கேள்விதான். ஆனால் கணவரின் குறை விஷயம் நங்கையா வழியே நாலு பேருக்குப் போயிருந்ததால், வேறு ஆணின் அணுவா என்ற சந்தேகம் அதற்குள் இருப்பதாக இருவருக்கும் பட்டது. கணவர் அந்தக் காரணத்துக்காகவே ஞாயிறுகளில் சீக்கிரம் கிளம்பியிருக்கிறார்.

மனநல மருத்துவர் தாய்ப்பால் தரும்போதும் கொடுக்கக்கூடிய செர்ட்ராலினைத் தொடங்கினார். கணவர் வாரம் மூன்று இரவு அங்கே தங்குவது, இரவு பத்திலிருந்து இரண்டுவரை குழந்தை அவர் பொறுப்பு, பீய்ச்சி வைத்த பாலைப் பாலாடையில் தருவது என்று ஏற்பாடானது. மனைவிக்கு ஒரே மூச்சாக நாலு மணி நேரத் தூக்கம். அதுவே முதல் மருந்து. மூச்சைப் பார்ப்பது இரவுக்கு இத்தனை முறை என்று எண்ணிக்கை வைத்துக் குறைக்கப்பட்டது. 'யாரு மாதிரி' கேள்விக்குக் கணவர் பதில் சொல்வார்: "என்ற புள்ளைங்க, என்ற மாதிரிதான்." எட்டு வாரத்தில் எடின்பரோ மதிப்பெண் 7.

மாற்றிக்கொண்டவை

முதல் மாத்திரைக்கு முன்பே ஆணின் ரிப்போர்ட் காகிதமாகக் கோப்பில் இருக்க வேண்டும். மையத்துக்கு இதை எழுதிக் கொடுத்தோம், அவர்கள் ஏற்றார்கள். முதல் சந்திப்பிலேயே இருவரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் பார்க்கிறோம். பெற்றோரிடம் சொல்லும் ஏற்பாட்டில், சொன்ன பிறகான ஒரு மாதத்துக்கும் திட்டம் இருக்கிறது: மாமியாருக்கு ஒரு தனிச் சந்திப்பு, அவருக்குச் செய்ய ஒரு வேலை, விஷயம் யாரைத் தாண்டிப் போகக் கூடாது என்ற பேச்சு. இங்கே அது இல்லாததால்தான் ரகசியம் நங்கையா வழியே கசிந்தது.

பெரிய பிழை 12-ஆம் வாரத்தில் வழக்கை முடித்தது. முன்பு மனச்சோர்வு இருந்தவருக்குப் பிரசவத்துக்குப் பின் திரும்ப வரும் ஆபத்து அதிகம் என்பது தெரிந்த விஷயம்; கரு நின்ற மகிழ்ச்சியில் நாங்களும் அதை மறந்தோம். இப்போது 28-ஆம் வாரத்தில் ஒரு சந்திப்பும், பிறந்து இரண்டாம், ஆறாம், பதினான்காம் வாரங்களில் போன் அழைப்பும் உண்டு. தாய்வீட்டில் கணவர் எத்தனை இரவு தங்குவார் என்பது 28-ஆம் வாரத்திலேயே இரு வீட்டாரிடமும் பேசி முடிவாகிறது. அதில்தான் அதிக எதிர்ப்பு வருகிறது. மாப்பிள்ளை மாமியார் வீட்டில் மூன்று இரவு என்றால் ஊர் என்ன சொல்லும் என்று.

இப்போது

குழந்தைக்குப் பதினான்கு மாதம். மனைவியின் மாத்திரை நின்றுவிட்டது. கணவர் பாய்லர் பிரிவிலிருந்து ஸ்டோருக்கு மாறியிருக்கிறார், சம்பளம் கொஞ்சம் குறைவு. மையத்தில் இவர்களுடைய எம்ப்ரியோ இன்னும் ஒன்று உறைந்திருக்கிறது. சட்டப்படி பத்தாண்டுவரை வைத்திருக்கலாம். ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும். இன்னொன்று வேண்டும் என்கிறார் மாமியார், வேண்டாம் என்கிறார் கணவர். மனைவி இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த சந்திப்பு அதற்காகத்தான், இருவரும் சேர்ந்து வருகிறார்கள்.